ஃபில் ஃபிஷ், ஃபெஸ், ட்விட்டர் சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து 'இண்டி கேம்: தி மூவி' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தோம். கேம் செய்கிறவர்கள் பாதி, செய்ய ஆசைப்படும் காலேஜ் பசங்க பாதி. படத்தில் மூன்று கேம்களின் கதை வருகிறது, ஆனால் படம் முடிந்ததிலிருந்து எல்லோருக்கும் ஒரே ஆளைப் பற்றித்தான் கேள்வி. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்து விரல் வலிக்கிறது. மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன், இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பப் போகிறேன்.

யார் இந்த ஃபில் ஃபிஷ்? சத்தியமாகத் தெரியாது.

கனடாவில் மாண்ட்ரியால்காரர். பாலிட்ரான் என்ற சின்னஞ்சிறு ஸ்டூடியோ வைத்து ஃபெஸ் என்ற கேமை வடிவமைத்தவர். 2007இல் அறிவித்த கேம் 2012 ஏப்ரலில்தான் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கேமை விட அவர் வாய்தான் அதிகம் வெளிவந்தது. அடுத்த வருஷமே இரண்டாம் பாகத்தை அறிவித்து, ஒன்றரை மாதத்துக்குள் ட்விட்டரில் ஒரு சண்டைக்கு நடுவே அதை ரத்து செய்து, 'கேம் தொழிலே வேண்டாம்' என்று போய்விட்டார்.

ஃபெஸ் அப்படி என்ன பெரிய கேம்?

பெரிய கேம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோமஸ் என்று ஒரு குட்டி வெள்ளை ஆள். அவன் உலகம் தட்டையானது, இரண்டு பரிமாணம்தான். ஒரு நாள் தலையில் சிவப்புத் தொப்பி ஒன்று வந்து உட்காருகிறது, அதிலிருந்து அவனால் உலகத்தை 90 டிகிரி திருப்ப முடிகிறது. அட்டைப் பெட்டியின் நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது போலத்தான். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது எட்டாத தூரத்தில் இருந்த மேடை, திருப்பியதும் பக்கத்திலேயே வந்து நிற்கும். தாண்டிவிடலாம். இந்த ஒரே யோசனையை வைத்துக்கொண்டு முழு கேமையும் கட்டியிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே இன்னொரு கேம் ஒளிந்திருக்கிறது. சுவரெல்லாம் சொந்தமாக உருவாக்கிய எழுத்துகள், அவற்றைப் படிக்க நாமே சாவியைக் கண்டுபிடிக்க வேண்டும். கருப்புக் கல் தூண் ஒன்று வருகிற புதிர் இருக்கிறதே, அதை உலகம் முழுவதும் இருந்த ஆட்டக்காரர்கள் இணையத்தில் கூட்டாகச் சேர்ந்து, பட்டன் வரிசைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துத்தான் உடைத்தார்கள். யோசித்துக் கண்டுபிடித்ததில்லை, அடித்து உடைத்தது. விடை கிடைத்த பிறகும் அது ஏன் விடை என்று வெகுகாலம் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஐஜிஎஃப் என்கிற சுயாதீன கேம் விழாவில் 2008இல் காட்சிக் கலைக்கான பரிசு, 2012இல் முதல் பரிசு. 2013 முடிவதற்குள் பத்து லட்சம் பிரதி விற்றது. ஆக, 'வேலை தெரியாதவன் வாயால் பிழைத்தான்' என்று அவரைப் பற்றிச் சொல்பவர்கள் கேமை ஆடவில்லை என்று அர்த்தம்.

அஞ்சு வருஷம் எதற்கு? சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் இல்லை. பார்த்துப் பார்த்து அழித்து, திரும்பவும் வரைந்து, அதையும் அழித்து என்று ஓடியிருக்கிறது. படத்திலேயே அதைச் சொல்கிறார். நடுவில் காசு தீர்ந்தது, கூட்டாளி பிரிந்து போனார், வேறு ஒரு ஸ்டூடியோ கைகொடுத்துத்தான் கரை சேர்ந்தார்கள். இங்கே ஓஎம்ஆரில் பகலில் வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு மரமும் பாறையும் மாடல் செய்து கொடுத்துவிட்டு ராத்திரி சொந்த கேமைத் திறந்து உட்காருகிறவர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்கத் தேவையில்லை.

படத்தில் வரும் அந்த முன்னாள் பார்ட்னர் வில்லனா?

தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாஸ்டனில் 2011 பேக்ஸ் ஈஸ்ட் கண்காட்சி, கேமைக் காட்ட வேண்டும், பிரிவு ஒப்பந்தத்தில் முன்னாள் கூட்டாளி கையெழுத்துப் போடவில்லை என்றால் கேஸ் வரலாம் என்ற பயம், கடையைத் திறந்தால் டெமோ அடிக்கடி நின்றுபோகிறது, ஃபிஷ் ஓடி ஓடி ரீஸ்டார்ட் செய்கிறார். பார்க்கிற நமக்கே வயிறு கலங்குகிறது. ஆனால் அந்தக் கூட்டாளி தரப்பை யாரும் கேட்கவில்லை. அவரிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்று படத்தின் இறுதி எழுத்துகளிலேயே பிற்பாடு திருத்திப் போட்டார்கள். ஒரு பக்கக் கதையைக் கேட்டுவிட்டு மொட்டை மாடியில் அவரைத் திட்டிக்கொண்டிருந்த மூன்று பேருக்காகவே இதைச் சொல்கிறேன், பெயர் போடவில்லை.

ஜப்பான்காரர் ஒருவரை மேடையில் அவமானப்படுத்தினாராமே?

ஆமாம். 2012 மார்ச், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜிடிசி என்ற கேம் டெவலப்பர்கள் மாநாடு. இதே படத்தைத் திரையிட்டு முடித்துக் கேள்வி நேரம். ஜப்பானிய டெவலப்பர் ஒருவர் எழுந்து, இன்றைய ஜப்பானிய கேம்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கிறார். இவர் 'உங்கள் கேம்கள் படுமோசம்' என்கிற அர்த்தத்தில் பட்டென்று சொல்லிவிட்டார். அதே மேடையில் இருந்த இன்னொரு கேம் டெவலப்பர் ஜொனாதன் ப்ளோவும் ஜப்பானிய கேம்களைக் குறை சொன்னார், ஆனால் காரணங்களோடு. அதனால் அவர் தப்பித்தார்.

இதில் வேடிக்கை, ஃபெஸ் முழுக்க மரியோவும் செல்டாவும் தின்று வளர்ந்த பிள்ளை என்பது அதன் ஒவ்வொரு திரையிலும் தெரியும். பழைய ஜப்பானிய கேம்கள் மேல் உயிரையே வைத்திருந்த ஆள், புதியவை தன்னை ஏமாற்றிவிட்டன என்ற கோபத்தில் பேசியிருக்கிறார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டவர் அந்தக் கேம்களைச் செய்தவர் இல்லையே. கேள்வி கேட்க எழுந்து நின்றவர், அவ்வளவுதான். அப்புறம் மன்னிப்பு மாதிரி ஒன்றைப் போட்டார், அதிலேயே மறுபடி ஒரு குத்து. அது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

பேட்ச் விவகாரத்தில் ஆட்டக்காரர்களைக் கைவிட்டார் என்கிறார்கள். உண்மையா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. எல்லோரும் அவரைத் திட்டுகிற சண்டைகளில் நான் அவர் பக்கம் நிற்கிற சண்டை இது.

நடந்தது இது. 2012 கோடையில் எக்ஸ்பாக்ஸில் ஃபெஸ்ஸுக்கு ஒரு பேட்ச், அதாவது பிழை திருத்தும் அப்டேட், விட்டார்கள். கேம் திக்குவது, லோடிங்கில் தடுமாறுவது எல்லாம் சரியானது. ஆனால் சிலருக்கு, எதுவரை ஆடினோம் என்று பதிந்துவைக்கிற சேவ் ஃபைல் கெட்டுப்போனது. அதுவும் யாருக்கு? கேமை முடித்தவர்களுக்கும் முடிக்கிற தறுவாயில் இருந்தவர்களுக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்து நோட்டில் குறியீடு எழுதி ஆடியவர்களின் சேவ் போய்விட்டது என்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா? பேட்சைத் திரும்பப் பெற்றார்கள். சரி, திருத்திய பேட்சை விட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். அன்றைய எக்ஸ்பாக்ஸ் ஏற்பாட்டில் முதல் அப்டேட்டுக்குக் காசு இல்லை. அடுத்தது விட வேண்டும் என்றால் மறுபடி மைக்ரோசாஃப்டின் சோதனைக்குப் போக வேண்டும், அதற்குப் பல்லாயிரம் டாலர் கட்டணம். எவ்வளவு என்று பாலிட்ரான் சொல்லவில்லை. ஆனால் அதே வருஷம் டிம் ஷேஃபர் என்ற மூத்த டெவலப்பர் ஒரு பேட்சுக்கு 40,000 டாலர் ஆகிறது என்று வெளிப்படையாகவே புலம்பியிருந்தார். பாலிட்ரான் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதிக்கப்பட்டவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, மற்ற எல்லோருக்கும் இந்தப் பேட்ச் நன்மைதான் என்று சொல்லி, அதே பழைய பேட்சையே திரும்பப் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட்டிருந்தால் இரண்டே வாரத்தில் ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்திருப்போம் என்றும் சேர்த்து எழுதினார்கள்.

சேவ் போனவர்களின் கோபம் நியாயம். நீதான் அந்தக் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாய், விதி தெரிந்துதானே போட்டாய் என்ற கேள்வியும் நியாயம். அதோடு, 'கம்ப்யூட்டர் கணக்குப் பார்ப்பதற்கு, ஃபெஸ் கன்சோல் கேம்' என்று முன்பு பெருமை பேசியவரும் இவர்தான். ஆனால் இரண்டு பேர் நடத்துகிற ஸ்டூடியோவிடம் ஒரு பிழை திருத்தத்துக்கு அவ்வளவு காசு கேட்கிற ஏற்பாடு கேவலமானது, அதைப் பொதுவெளியில் போட்டு உடைக்க ஒருத்தர் வேண்டியிருந்தது. மற்றவர்களில் பலர் அடுத்த ஒப்பந்தத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். 2013இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இவர் ஒருவரால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாய் பயன்பட்ட இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஃபெஸ் 2 ஏன் நின்றது? முழுக்கதை வேண்டும்.

2013 ஜூனில் அறிவிப்பு. ஜூலை கடைசியில் மைக்ரோசாஃப்ட், தன் அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் சிறு டெவலப்பர்கள் தாங்களே வெளியிட்டுக்கொள்ளலாம் என்று விதியை மாற்றப் போவதாகச் செய்தி. உடனே நிருபர்கள் ஃபிஷ்ஷிடமும் ப்ளோவிடமும் கருத்துக் கேட்டு மொய்த்தார்கள். இரண்டு பேரும் சொல்ல மறுத்தார்கள், வதந்திக்கெல்லாம் கருத்துச் சொல்ல வேண்டுமா என்று சலித்துக்கொண்டார்கள்.

இது கேம்டிரெய்லர்ஸ் என்ற கேம் தளத்தின் நிகழ்ச்சியில் வந்த மார்கஸ் பியருக்குப் பிடிக்கவில்லை. தங்கள் கேமுக்கு விளம்பரம் வேண்டும்போது மட்டும் பத்திரிகைக்காரன் வேண்டும், நாங்கள் கேட்டால் வலிக்கிறதா என்பது அவர் வாதம். வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அவர் அதைச் சொன்னது முழுக்க வசைமொழியில். இரண்டு பேரையும் கெட்ட வார்த்தையில் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

ப்ளோ அதோடு விட்டுவிட்டார். ஃபிஷ் விடவில்லை. ட்விட்டரில் வரிசையாகப் பதில், அதில் ஒன்று 'உன் வாழ்க்கையையும் என் வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செத்துப்போ' என்ற வரி. ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் வசனம் அது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது அசிங்கம்தான், அதற்கு நான் வக்கீல் இல்லை. அப்புறம் ஜூலை 27ஆம் தேதி, ஃபெஸ் 2 ரத்து, குட்பை. பாலிட்ரான் தளத்திலும் சின்ன அறிக்கை: இது ஏதோ ஒரு சம்பவத்தால் வந்ததில்லை, நீண்ட நாளாக நடந்த ரத்தக்களரியின் முடிவு, நீங்களே ஜெயித்தீர்கள் என்கிற மாதிரி.

ஒருத்தர் திட்டினதுக்காகப் போய் கேமையே நிறுத்துவாங்களா?

அந்த அறிக்கையைத் திரும்பப் படியுங்கள், 'ஒருத்தர்' இல்லை என்று அவரே சொல்கிறார். பியர் தொழில்முறையில் பேசுகிற ஒரு ஆள், அவரோடு சண்டை முடிந்துவிடும். பின்னாலேயே வருகிற ஆயிரம் பேரோடு எப்படி முடியும்? விஜய் ரசிகர்களும் அஜித் ரசிகர்களும் ட்விட்டரில் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதிலாவது இரண்டு பக்கமும் கூட்டம் இருக்கும், நடிகர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். இங்கே ஒரு பக்கம் கூட்டம், மறுபக்கம் தன் போனைத் தானே பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள். விளம்பரப் பொறுப்பாளர் இல்லை, மேனேஜர் இல்லை. ஐந்து வருஷம் கேம் தாமதமானதற்கு வந்த கேலியிலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்தது.

அதற்காக நிறுத்தியது சரியான முடிவா? கோபத்தில் எடுத்த முடிவு என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம், ஆறு மாதத்தில் திரும்பி வருவார் என்று. வரவில்லை. அப்படியென்றால் கோபம் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்.

அதற்கப்புறம் 2014இல் என்ன?

இரண்டு விஷயம். ஜூனில், யூடியூபில் கேம் ஆடிக் காட்டிச் சம்பாதிப்பவர்கள் அதில் பெரும்பங்கை டெவலப்பருக்குக் கொடுக்க வேண்டும், இது திருட்டு என்று எழுதினார். மறுபடி அடி. கேள்வி நியாயமானதுதான், கதை சொல்கிற கேமை முழுக்க வீடியோவில் பார்த்துவிட்டால் எவன் வாங்குவான்? ஆனால் ஃபெஸ் மாதிரி கேமை வீடியோவில் பார்த்துத்தான் நான் உட்படப் பலர் வாங்கினோம். ஆக, விஷயம் சரி, எடுத்த உதாரணம் தப்பு, வார்த்தை ரொம்பத் தப்பு. அவர் சண்டைகள் பாதி இப்படித்தான்.

ஆகஸ்டில் நடந்ததில் கேலிக்கு இடமே இல்லை. இணையத்தில் கும்பலாகத் துன்புறுத்தப்பட்ட ஒரு பெண் டெவலப்பருக்கு ஆதரவாகப் பேசினார். பாலிட்ரான் தளத்தை ஹேக் செய்து, பாஸ்வேர்டு முதல் நிறுவனத்தின் கணக்கு வழக்குவரை அள்ளி வெளியே போட்டார்கள். வெறுத்துப்போய் பாலிட்ரானையும் ஃபெஸ்ஸையும் விற்கப் போகிறேன் என்றார், விற்கவில்லை.

அந்த வருஷம் அவர் புகழ் எப்படி அவருக்கு எதிரியானது என்று அலசிய ஒரு யூடியூப் வீடியோ பிரபலமானது. செப்டம்பரில் மைன்கிராஃப்டைச் செய்த மார்கஸ் பெர்சன் தன் நிறுவனத்தை மைக்ரோசாஃப்டுக்கு 250 கோடி டாலருக்கு விற்றபோது எழுதிய கடிதத்தில், அந்த வீடியோவைப் பார்த்துத்தான் தன் நிலைமை புரிய ஆரம்பித்தது என்று குறிப்பிட்டார். ஊரே திட்டிய ஆளின் கதை இன்னொருவருக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நுணலும் தன் வாயால் கெடுமா, காய்த்த மரம் கல்லடி படுமா? ஒன்று சொல்லுங்கள்.

தேர்வுத்தாள் மாதிரி கேட்கிறீர்கள். இரண்டும்தான். ஜப்பான்காரரிடம் பேசியது முதல் வகை, ஹேக் செய்தது இரண்டாவது வகை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்துவதுதான் பல வருஷமாக நடக்கிற கூத்து. வாய்க்கொழுப்புக்குத் தண்டனை அவர் கேமை வாங்காமல் விடுவது, வேண்டுமானால் நாலு வரி திட்டுவது. வங்கிக் கணக்கை நடுத்தெருவில் கொட்டுவது அந்தப் பட்டியலில் வராது.

இவ்வளவு பேசுகிறோமே, கேமின் ப்ரோகிராமை எழுதியது யார்?

அப்பாடா, ஒருவராவது கேட்டீர்களே. ரெனோ பெடார். உலகத்தைத் திருப்புகிற அந்த எஞ்சின், லெவல் எடிட்டர், எல்லாம் அவர் கை வேலை, சி ஷார்ப் என்ற நிரல் மொழியில், எக்ஸ்என்ஏ என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை வைத்து எழுதியது. இசை டிசாஸ்டர்பீஸ் என்ற பெயரில் இயங்கும் ரிச் வ்ரீலாண்ட். ஃபிஷ்ஷைத் திட்டியவர்களும் சரி, தூக்கிப் பிடித்தவர்களும் சரி, இந்த இரண்டு பேரை அநேகமாக மறந்தேவிட்டார்கள். ஃபெஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று கிளம்பிய கூட்டம், யாரோடும் சண்டை போடாத ஒரு ப்ரோகிராமரின் ஐந்து வருஷத்தையும் சேர்த்துத்தான் புறக்கணித்தது. நம் ஊரிலும் ஸ்டூடியோ முதலாளி ஒருவர் ட்விட்டரில் வம்பு வளர்த்தால், கீழே வேலை பார்க்கிற பெண்ணோ பையனோ அடுத்த இன்டர்வியூவில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இவரை மாதிரி வேறு யாராவது?

டெரிக் ஸ்மார்ட் என்ற கேம் டெவலப்பர். ட்விட்டருக்கெல்லாம் முந்தைய காலம். 1996இல் பேட்டில்க்ரூசர் 3000ஏடி என்ற இவருடைய விண்வெளி கேம் முடியாத நிலையில், பிழைகளோடு வெளிவந்தது. பதிப்பாளர் அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டார் என்று இவர் சொல்ல, யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய விவாதக் குழுக்களில் வருஷக்கணக்கில் ஓடிய சண்டை. 2015இல், ஆட்டக்காரர்களிடமே முன்கூட்டிக் காசு திரட்டிச் செய்யும் ஸ்டார் சிட்டிசன் கேம் சொன்னபடி வராது என்று எழுத ஆரம்பிக்க, அவர்கள் இவர் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். ஃபிஷ்ஷுக்குச் சண்டை ரத்தக் கொதிப்பு, ஸ்மார்ட்டுக்கு அது டானிக். அடிக்க அடிக்க உற்சாகமாகிறவர்.

இன்னொன்று டிஜிட்டல் ஹோமிசைட் என்ற ஸ்டூடியோ. இது வேறு ரகம். 2014இல் இவர்கள் கேமை விமர்சகர் ஜிம் ஸ்டெர்லிங் வீடியோவில் கிழித்தார். காப்புரிமை என்று சொல்லி அந்த வீடியோவைத் தூக்க வைத்தார்கள், 2016இல் அவர் மேல் சுமார் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கு, அதே வருஷம் பெயர் தெரியாத 100 ஸ்டீம் பயனர்கள் மேல் 1.8 கோடி டாலருக்கு இன்னொன்று. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் இவர்களுடைய கேம்கள் எல்லாவற்றையும் ஸ்டீமிலிருந்து நீக்கியது. ஸ்டெர்லிங் மேல் போட்ட வழக்கு 2017 பிப்ரவரியில் தள்ளுபடி. இவர்களையும் ஃபிஷ்ஷையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அவர் திட்டினார், கோர்ட்டுக்கு யாரையும் இழுக்கவில்லை.

என் கேம் ஸ்டீமில் வந்திருக்கிறது. மோசமான ரிவ்யூவுக்குப் பதில் போடலாமா?

100 டாலர் கட்டி, எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், ஸ்டீமில் போட்டாயிற்று, நாலு பேர் 'டைம் வேஸ்ட்' என்று எழுதியிருக்கிறான், ராத்திரி ஒரு மணி, கை பரபரக்கிறது. அதானே? கேமில் உள்ள பிழையைப் பற்றிய ரிவ்யூ என்றால் பதில் போடுங்கள்: எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, எந்த லெவலில் நின்றது என்று கேளுங்கள், சரிசெய்ததும் அங்கேயே வந்து சொல்லுங்கள். பலர் ரிவ்யூவை மாற்றுவார்கள். கேம் பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பதிலே கிடையாது. உங்களையோ குடும்பத்தையோ திட்டினால் ரிப்போர்ட் செய்துவிட்டு லேப்டாப்பை மூடுங்கள். ஸ்டூடியோ அக்கவுன்டின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இல்லாமல் நிதானமான இன்னொருவரிடமும் இருக்கட்டும். இரண்டு பேர் டீமாக இருந்தால், இரண்டு பேரில் யாருக்குக் கோபம் குறைவோ அவர்தான் ட்விட்டர் பார்க்க வேண்டும்.

இப்போது அவர் கேமே செய்வதில்லையா?

முழுக்க மறையவில்லை, சத்தம்தான் இல்லை. அவரும் ஒரு உறுப்பினராக இருந்த கோகோரோமி குழு 2016இல் பிளேஸ்டேஷன் விஆருக்கு சூப்பர்ஹைப்பர்க்யூப் என்ற கேமைக் கொண்டுவந்தது. ஃபெஸ் 2021இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. ஃபெஸ் 2 வரவில்லை.

ஃபெஸ்ஸை இப்போது ஆட என்ன வேண்டும்?

ஸ்டீமில் கிடைக்கிறது, தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். பழைய லேப்டாப்பிலேயே ஓடும். கீபோர்டிலும் ஆடலாம், ஆனால் சில புதிர்களுக்குக் கன்ட்ரோலர் இருந்தால் சுகம், ரிச்சி தெருவில் சுமாரான விலைக்கே கிடைக்கிறது, வாங்கும் முன் இரண்டு ட்ரிகரும் அழுந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும். யூடியூபில் விடை பார்க்காதீர்கள். மாட்டிக்கொண்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள், விடை சொல்ல மாட்டேன், எந்தச் சுவரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.